வேலூர் வீட்டில் வெங்காயமும் உருளைக்கிழங்கும்: விளைவிப்பதும் வைத்துக் காப்பதும்

காட்பாடியில் புதிதாகக் குடியேறியிருக்கும் நீங்கள், மாடியில் 600 சதுர அடியும் வீட்டின் பின்புறம் நான்கு பாத்தி போடுமளவு மண்ணும் இருப்பதாகச் சொல்லி, பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றையும் விளைவித்து ஆண்டு முழுவதும் கடைக்குப் போகாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஆடி மாதத்தில் விலை மலிவாக இருக்கிறதென்று வாங்கி, உருளைக்கிழங்கோடு சேர்த்துச் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த 20 கிலோ வெங்காயம், தீபாவளிக்குள் பாதி அழுகி மீதி முளைத்துப் போனதற்குக் காரணமும் கேட்டிருக்கிறீர்கள். சின்ன வெங்காயத்தில் உங்கள் எண்ணம் பெருமளவு நிறைவேறும். பெரிய வெங்காயத்தில் பருவம் தவறாமல் நட்டால் சில மாதங்களுக்கு நிறைவேறும். உருளைக்கிழங்கை ஆசைக்கு நடலாமே தவிர, அதை நம்பிக் கடையை மறந்துவிட முடியாது.

இந்த வேறுபாட்டுக்கு அடிப்படை, இவை வெயிலைத் தாங்கும் விதத்தில் இருக்கிறது. சமையலறையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் கிடப்பதால் இரண்டுக்கும் குணம் ஒன்றே என்று எண்ணிக்கொள்கிறோம். வெங்காயம் என்பது சாறு நிறைந்த இலை அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டது. மேல்தோல் சருகாகக் காய்ந்து, கழுத்து இறுகி மூடிக்கொண்டால் அது உறங்கிவிடும். 25 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்தில் அந்த உறக்கம் நீடிக்கிறது. 10 முதல் 20 டிகிரிக்குள் வந்தால்தான் விழித்து முளைவிடத் தொடங்குகிறது. உருளைக்கிழங்கோ மண்ணுக்கடியில் பருத்த தண்டு. அதற்கு இருட்டும் குளிர்ச்சியும் ஓரளவு ஈரப்பதமும் வேண்டும்; நம் ஊர்ச் சித்திரை வெப்பத்தில் அது மூச்சுவிட்டே மெலிந்து சுருங்கும். வெயிலூர் என்று ஊராரே கேலி செய்யும் இடத்தில், அந்த வெயில் ஒன்றுக்குத் துணையாகவும் மற்றொன்றுக்குப் பகையாகவும் அமைந்துவிடுகிறது.

முதலில் சின்ன வெங்காயம். இதை விதை வெங்காயம் ஊன்றியே பெரும்பாலோர் பயிரிடுகிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 போன்ற இரகங்களை விதை தூவி நாற்றுவிட்டும் நடலாம். வீட்டளவில் விதை வெங்காயமே எளிது. ஆனால் நேற்று அறுவடையான காயை இன்று ஊன்றினால் அது மண்ணுக்குள் கல் போலக் கிடக்கும். அறுவடைக்குப் பின் ஒன்றிரண்டு மாதம் காற்றோட்டமாக இருந்து உறக்கம் தெளிந்த காயாக, நடுத்தர அளவில், கையில் அழுத்தினால் இறுக்கமாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சந்தையில் வாங்கும்போது ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் பச்சைக் குருத்து மெல்லியதாகத் தெரிந்தால் அது நடவுக்கு ஆயத்தமான காய்.

வழக்கமாகச் சித்திரை-வைகாசியும் ஐப்பசி-கார்த்திகையும் இதற்குப் பட்டமாகச் சொல்லப்படுகின்றன. முதல் பட்டத்துக் காய் ஆடி, ஆவணியில் வரும். அப்போது நம் பகுதியில் மாலை இடியோடு மழை பெய்துகொண்டிருப்பதால் அது சரியாக உலராது, சமைத்துத் தீர்ப்பதற்கே உரியது. சேமித்து வைக்க வேண்டிய காய்க்கு, கார்த்திகை மழை சற்று ஓய்ந்தபின், மார்கழித் தொடக்கத்தில் ஊன்றி மாசி கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ எடுப்பதே எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஒத்துவந்திருக்கிறது. காய் முதிரும் நேரத்தில் வானம் வெறிச்சென்று இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தரையில் மண்ணை வரப்புபோல் உயர்த்திப் பார் பிடித்து, அதன் இருபுறமும் காய்க்குக் காய் 10 சென்டிமீட்டர் விட்டு ஊன்றலாம். மாடியில் ஆழமான பை தேவையில்லை. முக்கால் அடி ஆழமுள்ள அகலமான தொட்டியே போதும், ஏனெனில் வெங்காய வேர் ஆழம் போகாது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இந்தக் கலவை நீர் தேங்காமல் வடியும். காயை ஆழப் புதைக்காமல், நுனி மண்மட்டத்தோடு தெரியும்படி ஊன்றினால் போதும்.

தண்ணீருக்கு, பெரியவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற முறையைவிடச் சிறந்த விதி கிடையாது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தபின் ஊற்றுங்கள். நாள்தோறும் குவளையோடு மாடியேறும் அன்பு வெங்காயத்துக்கு ஆகாது. வேலூரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆலைகள் இல்லாத இடங்களிலும் பல ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் உப்பாகவே இருக்கிறது. வெங்காயம் உப்பைச் சற்றும் பொறுக்காத பயிர். இலை நுனி கருகுவதைக் கண்டவுடன் நோய் என்று மருந்து தேடுவதற்கு முன், தொட்டி ஓரத்தில் வெண்மையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் மழைநீரையோ குழாயில் வரும் குடிநீரையோ ஒருமுறை அடி வழியே வழிந்தோடும்வரை ஊற்றி, பிறகும் அந்த நீரையே பயன்படுத்துவது நல்லது. மண்ணையும் நீரையும் சோதித்துக்கொள்ள விரும்பினால் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

இலைப்பேன் தொல்லை வெயில் ஏறும்போது வரும். இலையில் வெள்ளி பூசியது போலக் கோடுகள் விழும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, மாலையில், இலையின் நடுக்குருத்துக்குள் இறங்கும்படி தெளிப்பது வீட்டளவில் போதும். மழைக்காலத்தில் இலையில் ஊதா நிறக் கண்கள் விழுந்தால் அது ஊதாக் கொப்புள நோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, செடிகளுக்கிடையே காற்றுப் புக வழிசெய்யுங்கள். நடும்போதே மண்ணில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழு உரம் இட்டால் அடியழுகல் குறையும்.

பெரிய வெங்காயத்தில், நம் பகுதியில் பெல்லாரி என்று சொல்லும் அதில், நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இணையக் கடை ஒன்றில், பளபளப்பான உறையில் வந்த வெளிநாட்டு விதையை வாங்கி நாற்றுவிட்டேன். தாள், அதாவது வெங்காய இலை, முழங்கால் உயரம் வளர்ந்தது, கழுத்து கட்டைவிரல் பருமனாகத் தடித்தது, பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். நான்கு மாதம் கழித்துப் பிடுங்கினால் அடியில் காயே இல்லை. பூண்டுத் தண்டு போல நேராக இருந்தது. பிறகுதான் காரணம் விளங்கியது. வெங்காயம் காய் பிடிப்பது பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்தது. குளிர்நாட்டு இரகங்களுக்கு 14 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பகல் தேவை. ஏறத்தாழ 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் வேலூரில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஆகவே குறும்பகல் இரகங்களையே வாங்க வேண்டும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா நிகேதன், நாசிக் பக்கத்திலிருந்து வந்த அக்ரிஃபவுண்ட் லைட் ரெட் ஆகியவை சேமிப்புக்கும் தாங்கும்; என்-53 என்ற பழைய இரகம் மழைக்காலத்தில் நன்றாக வந்தாலும் மாதக்கணக்கில் வைக்க ஆகாது. உறையில் அடைத்த தேதியைப் பார்க்க மறக்காதீர்கள், ஏனெனில் வெங்காய விதை ஓராண்டுக்குள்ளேயே முளைப்புத் திறனைப் பெருமளவு இழந்துவிடும். ஐப்பசி இறுதியில் மழை படாத இடத்தில் நாற்றுவிட்டு, 40 முதல் 45 நாளில் எடுத்து, 15-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் பங்குனியில் காய் முதிரும். நட்டு ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தழைச்சத்து எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கழுத்து தடிக்கும், கழுத்து தடித்த காய் ஒருபோதும் நன்றாக மூடாது.

இனி உருளைக்கிழங்கு. இதற்குப் பகல் வெயிலைவிட இரவுக் குளிர்தான் முக்கியம். இரவு வெப்பம் 15 முதல் 18 டிகிரிக்குள் இருந்தால் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். 20-ஐத் தாண்டத் தாண்டச் செடி தழையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். நீலகிரி ஏன் உருளைக்கிழங்கு மலை ஆயிற்று என்பதற்கும் வேலூர்ச் சமவெளியில் ஏன் அது வயல் பயிராக இல்லை என்பதற்கும் இதுவே விடை. மார்கழி, தை மாதங்களில் மட்டும் நம் இரவுகள் அந்த எல்லைக்கு அருகே இறங்குகின்றன. எனவே நவம்பர் நடுவில் நட்டு பிப்ரவரி நடுவில் எடுத்துவிடுவது என்ற ஒரே ஒரு சாளரந்தான் நமக்குத் திறந்திருக்கிறது. ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ உறவினர் இருந்தால் அவர்களுக்கு இந்த நெருக்கடி குறைவு. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெப்பம் தாங்கும் குஃப்ரி சூர்யா என்ற இரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஆனால் நான்கு பைக்கு வேண்டிய அரைக் கிலோவை வாங்குவது எளிதன்று. ஊட்டிக்குப் போகும்போது விதைக்கிழங்கு வாங்கிவரலாம் என்று நினைக்க வேண்டாம். 1961-இல் நீலகிரியில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்ட பிறகு, அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது.

ஆகவே பெரும்பாலானவர்கள் கடைக் கிழங்கையே நடுகிறார்கள், நானும் அப்படித்தான் நடுகிறேன். நோய் இருக்கக்கூடும் என்பதால் அதைப் பையில் மட்டும் நடுங்கள், தரைப் பாத்தியில் வேண்டாம். ஐப்பசியில் நம் கடைக்கு வரும் வட இந்தியக் கிழங்கு, மாசி, பங்குனியில் அறுவடையாகிக் குளிர்ப்பதனக் கிடங்கில் ஏழெட்டு மாதம் இருந்துவிட்டு வருவது. அதன் உறக்கக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், வெளிச்சம் படும் இடத்தில் முட்டை அட்டையில் அடுக்கிவைத்தால் இரண்டு வாரத்தில் குட்டையான, தடித்த முளை வரும். புதிதாகத் தோண்டிய கிழங்காக இருந்தால் இரண்டு மாதம் ஆனாலும் அசையாது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கண் இருக்கும்படி 30 அல்லது 40 கிராம் அளவில் வெட்டி, வெட்டுவாய் இரண்டு நாள் நிழலில் ஆறியபின் நடுங்கள். 15 அங்குலப் பையில் அரை அடிக்கு மண்ணிட்டு, ஒன்றிரண்டு துண்டு வைத்து மூன்று அங்குலம் மூடி, செடி உயர உயர மேலே மண் அணைத்துக்கொண்டே வரலாம். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகி, சோலனைன் என்ற நச்சுப்பொருள் அதில் கூடும். அதனால் மண் அணைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. இலை மஞ்சளானதும் தண்டை அறுத்துவிட்டு, தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் விட்டால் தோல் இறுகும். எங்கள் வீட்டில் ஒரு பைக்கு அரைக் கிலோ வந்தால் நல்ல ஆண்டு; முக்கால் கிலோ ஒருமுறைதான் வந்தது. சின்னச் சின்னதாக, தோலோடு வேகவைத்துச் சாப்பிடும் அளவில் இருக்கும் அந்தக் கிழங்கின் ருசிக்காகத்தான் ஆண்டுதோறும் நடுகிறோம்.

உங்கள் 20 கிலோவின் கதைக்கு இப்போது வருகிறேன். வெங்காயம் கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் கிடங்கில் இல்லை, அறுவடை நாளிலும் அடுத்த இரண்டு வாரத்திலும் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட செடிகளில் தாள் கழுத்தில் ஒடிந்து சாய்ந்தால் காய் முதிர்ந்தது என்று பொருள். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தியிருக்க வேண்டும். பிடுங்கிய காயைக் கழுவாமல், மண்ணை மட்டும் உதறி, ஒரு வரிசைக் காயின் மேல் அடுத்த வரிசையின் தாள் படரும்படி மூன்று நான்கு நாள் அங்கேயே பரப்பிவிடுங்கள். வெயில் நேரே காயில் பட்டால் வெந்து, பின்னால் அந்த இடம் அழுகும். தாளே அதற்குக் குடை. மொட்டை மாடித் தளத்தில் மட்டும் பரப்பாதீர்கள், பங்குனிக் காங்கிரீட்டில் காய் அடியிலிருந்து வெந்துவிடும். அதன்பின் இரண்டு வாரம் நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள்.

கணியம்பாடிப் பக்கம் என் அத்தை இதைச் செய்யும்போது அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முறத்தில் காய்ந்த சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காயின் கழுத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து ஒருமுறை உருட்டுவார். சருகு போல நொறுங்கினால் வலப்பக்கம், வழுக்கிக்கொண்டு ஈரம் தட்டினால் இடப்பக்கம். இடப்பக்கத்துக் குவியல் அந்த மாதக் குழம்புக்கு; வலப்பக்கத்தை மட்டும் தாளோடு கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துத் தென்னை ஓலை ஈர்க்கால் இறுக்கி, தாழ்வாரத்து விட்டத்தில் கட்டிய கயிற்றில் தொங்கவிடுவார். காற்று எல்லாப் பக்கமும் புகும், ஒன்று அழுகினால் மற்றதைத் தொடாது, நீரும் கீழே சொட்டிவிடும். பெரம்பலூர் விவசாயிகள் வயலோரத்தில் தரையிலிருந்து உயர்த்திக் காற்றுப் புகும்படி அமைக்கும் வெங்காயப் பட்டறையிலும் இதே நுட்பந்தான் பெரிய அளவில் செயல்படுகிறது.

தாள் அறுத்த காயாக இருந்தால் கழுத்தில் ஓர் அங்குலம் விட்டு அறுத்து, வலைப்பையிலோ மூங்கில் கூடையிலோ, ஒரு சாண் உயரத்துக்கு மேல் குவியாமல் வைக்கலாம். நெகிழிப் பையும் மூடிய டப்பாவும் கூடவே கூடாது. குளிர்ப்பெட்டியில் முழு வெங்காயத்தை வைத்தால், குளிரும் ஈரமும் சேர்ந்து கழுத்து அழுகுகிறது, வெளியே எடுத்தவுடன் முளையும் வருகிறது. நன்றாக உலர்த்திக் காற்றோட்டமாக வைத்த காய் அக்கினி நட்சத்திரத்தைக்கூட அலட்டிக்கொள்ளாமல் கடந்துவிடும். அது தடுமாறுவது புரட்டாசிக்குப் பிறகுதான்: காற்றில் ஈரம் ஏறுகிறது, இரவு வெப்பம் இறங்குகிறது, உறக்கமும் தானாகத் தெளிகிறது. நீங்கள் ஆடியில் வாங்கியது ஏற்கெனவே மூன்று நான்கு மாதம் வயதான காயாகவோ மழையில் எடுத்த ஈரக் காயாகவோ இருந்திருக்கும்; இரண்டில் எதுவானாலும் அது தீபாவளி தாண்டுவது கடினம். அதோடு உருளைக்கிழங்கையும் பக்கத்தில் வைத்தீர்கள். கிழங்கு மூச்சுவிடும்போது வெளியேறும் ஈரம் காற்றோட்டமில்லாத அந்தத் தட்டில் தேங்கி, வெங்காயத் தோலை நனைத்திருக்கும்.

மேல்தோலுக்கடியில் மை போன்ற கருந்தூள் இருப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. வெப்பமும் ஈரமும் சேரும்போது வரும். 2021-இல் கைப்பேசிச் செய்திகளில் பரவியது போல அதற்கும் மனிதரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை நோய்க்கும் தொடர்பில்லை. தூள் வெளித்தோலில் மட்டும் இருந்தால் இரண்டு அடுக்கு உரித்துக் கழுவிப் பயன்படுத்தலாம். உள்ளே சதை கொழகொழத்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

உருளைக்கிழங்குக்கு வீட்டிலேயே இருட்டான, குளிர்ந்த மூலை வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் தரையில் சாக்கு விரித்து, மேலே இன்னொரு சாக்கால் மூடினால் குளிர்காலத்தில் இரண்டு மாதம் தாங்கும். கோடையில், டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஒரு முறையைச் செய்து பார்க்கலாம்: நிழலில் செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைப்பது. வெளிக்காற்று வறண்டிருக்கும் நம் சித்திரையில் உள்ளே பல டிகிரி குறையும். மழைக்காலத்தில் பெரிதாகப் பயன் தராது. வெங்காயத்தை அதற்குள் வைத்துவிடாதீர்கள். குளிர்ப்பெட்டிக்குள் கிழங்கை வைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது விரைவில் கருகும். வெளியே ஒரு வாரம் வைத்திருந்தால் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும்.

பத்து நாளுக்கு ஒருமுறை வெங்காயக் கூடையைக் கவிழ்த்துப் பார்க்கும் வேலையை வீட்டில் யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். மூக்கே முதலில் சொல்லிவிடும். அழுகியதை எடுத்து எறிந்து, அதைத் தொட்டுக்கொண்டிருந்த காய்களைத் துடைத்து அன்றைய சாம்பாருக்கு அனுப்புங்கள். மார்கழி நடவுக்கான காயைப் பங்குனியிலேயே தனிக் கொத்தாகக் கட்டி வைத்துவிடுங்கள், சமையலுக்கு அதைத் தொடவிடாதீர்கள். ஐப்பசியில் எப்படியும் சில முளைவிடும். அவற்றைச் சமையலறைச் சன்னல் ஓரத் தொட்டியில் நெருக்கமாக ஊன்றினால் மூன்று வாரத்தில் முட்டைப் பொரியலுக்குத் தாள் கிடைக்கும்.